பையனின் கண் சிமிட்டலுக்கு அமுக்கரா கொடுக்கலாமா? மருந்தா, மூலிகையா, பயிற்சியா?

நெல்லைமகள்:
பையனுக்கு ஒன்பது வயது. அரையாண்டுப் பரீட்சை சமயத்தில் கண்ணை இறுக்கி இறுக்கிச் சிமிட்ட ஆரம்பித்தான். கண் டாக்டரிடம் காட்டினோம், பவர் இல்லை, அலர்ஜியும் இல்லை என்றார். இப்போது அதோடு தொண்டையைச் செருமுவதும் சேர்ந்துகொண்டது. குழந்தை மருத்துவர் "இது டிக்ஸ், அதாவது திடீர் திடீரென்று திரும்பத் திரும்ப வரும் அசைவும் சத்தமும், பெரும்பாலும் வளர வளரக் குறையும், கண்டுகொள்ளாமல் விடுங்கள்" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். மாமியாரோ இது நரம்புத் தளர்ச்சிதான் என்று நாட்டு மருந்துக் கடையில் அமுக்கரா சூரணம் வாங்கி வந்து, ராத்திரி பாலில் கலந்து கொடு என்கிறார். எனக்கு மாத்திரை என்றாலும் பயம், சூரணம் என்றாலும் பயம். இயற்கையாக இதைக் குறைக்க வழி உண்டா? யாராவது கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

வேப்பங்கொழுந்து:
தாராளமாகக் கொடுங்கள் சகோதரி. அமுக்கரா என்பது அஸ்வகந்தாதான், காலங்காலமாக நம் வைத்தியத்தில் இருப்பது. மன அழுத்தத்தைக் குறைக்கிறது என்று இப்போது ஆய்வுகளே வந்துவிட்டன. கூடவே வாரம் இருமுறை வல்லாரைத் துவையல், தலைக்கு நல்லெண்ணெய்க் குளியல், பேக்கரி ஐட்டமும் கலர் பாக்கெட்டும் கட். டாக்டரிடம் போனால் என்ன கொடுப்பார் தெரியுமா, ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் மாதிரி மனநோய் மாத்திரைகள். பிள்ளை நாள் முழுக்கத் தூங்கி வழியும், உடம்பு ஊதும். அதற்கு இது எவ்வளவோ மேல்.

சந்தேகப்பிராணி:
அந்த ஆய்வுகள் யாரை வைத்து நடந்தன என்று பார்த்தீர்களா அண்ணே? பெரும்பாலும் மன அழுத்தம் இருக்கும் பெரியவர்களை வைத்து, சின்னக் குழுக்களில், சில வாரங்கள் மட்டும். ஒன்பது வயதுப் பையனின் கண் சிமிட்டலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அஸ்வகந்தா சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது, தைராய்டு அளவையும் அது மாற்றலாம். டென்மார்க்கில் 2023-ல் தடையே போட்டார்கள்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. டிக்ஸ் தானாகவே ஏறும், தானாகவே இறங்கும், சில வாரம் உச்சத்தில் இருந்துவிட்டு அடங்கும், பிறகு வேறு உருவத்தில் வரும். நாம் எப்போது மருந்து தேடி ஓடுகிறோம்? உச்சத்தில் இருக்கும்போதுதான். அப்போது சூரணம் கொடுத்தாலும் தாயத்து கட்டினாலும் வேப்பிலை அடித்தாலும் அடுத்த சில வாரத்தில் குறையத்தான் செய்யும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இந்த மாதிரி இழைகளில் "எங்கள் பையனுக்குக் கேட்டது" என்று வரும் சாட்சியங்களில் பாதி இதுதான்.

வேப்பங்கொழுந்து:
அப்படியானால் டாக்டர் கொடுக்கும் மாத்திரைக்கும் அதே கணக்குதானே தம்பி? அதற்கு மட்டும் காக்கை உட்காராதா? சிகரெட்டைக் கடையில் வைத்து விற்கிற டென்மார்க், அமுக்கராவைத் தடை செய்ததாம், அதை எனக்கு ஆதாரமாகக் காட்டுகிறீர்கள். சித்த மருத்துவமும் ஐந்தரை வருடப் படிப்பு, பாளையங்கோட்டையில் அரசுக் கல்லூரியே இருக்கிறது, நெல்லைக்காரருக்குப் பக்கம்தான்.

சந்தேகப்பிராணி:
மாத்திரைக்கும் அதே கணக்குதான், மறுக்கவில்லை. அதனால்தான் ஒரு குழுவுக்கு மருந்தும் இன்னொரு குழுவுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பாளையங்கோட்டைக்குப் போகச் சொல்லுங்கள், பிள்ளையைப் பார்த்து ஒரு சித்த மருத்துவர் எழுதிக் கொடுப்பது வேறு விஷயம். இங்கே நடப்பது என்ன? கடையில் வாங்கிய டப்பா, அளவு சொல்வது மாமியார்.

கழுத்துவெட்டி:
பெயரிலேயே தெரிந்திருக்கும், எனக்குச் சின்ன வயதிலிருந்து டிக்ஸ். முதலில் கண், பிறகு மூக்கு, பிறகு கழுத்தை ஒரு பக்கமாக வெட்டுவது. அக்கா, பையன் வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் முழுக்கத் தன்னையறியாமல் நடப்பதும் இல்லை. இமைக்குள் ஒரு கூச்சம் ஏறிக்கொண்டே போகும், சிமிட்டினால் ஒரு நொடி நிம்மதி, மறுபடி ஏறும். வகுப்பில் பல்லைக் கடித்து அடக்குவான், வீட்டுக்கு வந்து புத்தகப் பையை இறக்கியதும் கொட்டித் தீர்ப்பான். அதைப் பார்த்துவிட்டு "ஸ்கூலில் ஒழுங்காக இருக்கிறாய், இங்கே மட்டும் ஏன்" என்று திட்டுவார்கள், எனக்கு அதுதான் நடந்தது.

மாத்திரையும் வேண்டாம், மூலிகையும் வேண்டாம் என்றால் ஹேபிட் ரிவர்சல் என்று ஒரு பயிற்சி இருக்கிறது. 1973-ல் அஸ்ரின், நன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கொண்டுவந்தது. அந்தக் கூச்சம் கிளம்புவதை முதலில் கண்டுபிடிக்கப் பழக வேண்டும், கிளம்பியதும் டிக்கோடு சேர்ந்து நடக்க முடியாத ஒரு வேலையைச் செய்ய வேண்டும். செருமல் என்றால் வாயை மூடி மூக்கு வழியாக மெதுவாக இழுத்து, வாய் வழியாக மெதுவாக விடுவது. கழுத்து என்றால் தாடையைக் கொஞ்சம் தாழ்த்திக் கழுத்துத் தசையை லேசாக இறுக்கிப் பிடிப்பது. கண் என்றால் வேண்டுமென்றே நிதானமாக, மென்மையாகச் சிமிட்டுவது. ஒரு நிமிடமோ, கூச்சம் அடங்கும் வரையோ. 2010-ல் இந்தப் பயிற்சியின் விரிவான வடிவத்தை 126 பிள்ளைகளிடம் 10 வாரம் சோதித்தார்கள், பயிற்சி பெற்றவர்களில் 52.5 சதவீதம் பேருக்கு நன்றாகக் குறைந்தது, வெறும் ஆறுதல் பேச்சும் விளக்கமும் கிடைத்த குழுவில் 18.5 சதவீதம்தான். அமெரிக்க நரம்பியல் கழகம் 2019-ல் மருந்துக்கு முன்னால் இதைப் பாருங்கள் என்றே சொல்லிவிட்டது. இதைவிட இயற்கையாக என்ன வேண்டும்?

வேப்பங்கொழுந்து:
கேட்க நன்றாக இருக்கிறது. எங்கே கிடைக்கும்? சென்னையிலேயே இதைச் சொல்லித் தருகிறவரைத் தேடிப் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் ஃபீஸ் அழ வேண்டும். தென்காசியிலோ சங்கரன்கோவிலிலோ இருப்பவர் என்ன செய்வார்? சூரண டப்பா ஒரு ஹோட்டல் சாப்பாட்டு விலை, தெருமுனையில் கிடைக்கும். ஜனங்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்று புரிந்துகொள்ளாமல் ஆய்வை மட்டும் நீட்டினால் எப்படி?

சந்தேகப்பிராணி:
இந்த ஒரு குத்து சரியான குத்து. கிடைக்காத வைத்தியம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லைதான். ஆனால் கிடைக்கிறது என்பதற்காகக் கிடைப்பதையெல்லாம் பிள்ளை வாயில் ஊற்ற முடியாது. 14416 என்ற டெலிமனாஸ் எண், அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், தமிழில் பேசலாம், உங்கள் மாவட்டத்தில் யாரைப் பார்க்கலாம் என்றாவது கேட்கலாம். இன்னொன்று, 2021-ல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்றில் 224 பிள்ளைகள், எல்லாமே இணையம் வழியாக, அம்மா அப்பா பக்கத்தில் உட்கார்ந்து உதவ, கூச்சம் வரும்போது டிக்கை அடக்கிப் பொறுத்திருக்கப் பழக்கினார்கள். பலன் பெரிது என்று சொல்ல முடியாது, ஆனால் தெளிவாக இருந்தது. அதனால் நேரில் போக முடியவில்லை என்றால் வீடியோவில் செய்து தருகிற உளவியலாளர் இருக்கிறாரா என்று தேடுங்கள்.

ராத்திரிஷிஃப்ட்:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். எனக்குக் கீழ் இமை தானாகத் துடிக்கிறது, சிமிட்டல் இல்லை, உள்ளே புழு நெளிவதுபோல. இடக்கண் வேறு. ஆம்பளைக்கு இடக்கண் துடித்தால் ஆகாது என்று பாட்டி சாமிக்கு முடிந்து வைத்திருக்கிறார். பதற்றமும் அதிகம்தான். அமுக்கரா எனக்காவது சரியாக வருமா?

கழுத்துவெட்டி:
உங்களுடையது டிக் மாதிரி தெரியவில்லை சகோ. தூக்கம் கெட்டால், காப்பி கூடினால் இமைத் தசை அப்படித் துடிக்கும், பெரும்பாலும் தானே நிற்கும். வாரக்கணக்கில் நிற்காமல் போனாலோ முகத்தின் மற்ற இடங்களுக்குப் பரவினாலோ டாக்டரைப் பாருங்கள். ஷிஃப்டில் எத்தனை காப்பி?

ராத்திரிஷிஃப்ட்:
மெஷின் காப்பி, கணக்கே இல்லை.

சந்தேகப்பிராணி:
அப்புறம் பதற்றம் வராமல் என்ன வரும்? காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். விடியற்காலை நாலு மணிக்குக் குடித்ததில் பாதி, நீங்கள் ஒன்பது மணிக்குப் படுக்கும்போது உள்ளேதான் இருக்கும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாவற்றையும் காப்பியில் வாங்கிக்கொண்டு அதற்குச் சூரணம் தேடுகிறீர்கள். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

வேப்பங்கொழுந்து:
மூச்சுப் பயிற்சியை யாருமே சொல்லவில்லையே. நாடி சுத்தி, பிராமரி. மூச்சை விடும் நேரம் இழுக்கும் நேரத்தைவிட நீளமாக இருந்தாலே இதயத் துடிப்பு இறங்கும். இதற்கும் டென்மார்க்கில் தடையா?

சந்தேகப்பிராணி:
இதில் உங்களோடு சண்டையே இல்லை அண்ணே. 2022-ல் பதற்ற நோய் உள்ள 276 பெரியவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு எஸ்சிடலோப்ராம் மாத்திரை, இன்னொரு பாதிக்கு எட்டு வாரத் தியானப் பயிற்சி கொடுத்தார்கள், தியானம் மாத்திரைக்குச் சளைக்கவில்லை. ஆனால் அவர்கள் வாரா வாரம் இரண்டரை மணி நேர வகுப்புக்குப் போனார்கள், வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார்கள். ஆப்பைத் திறந்து மூன்று தடவை மூச்சு விட்டு "வேலை செய்யவில்லை" என்பதெல்லாம் கணக்கில் சேராது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்தவும் கூடாது.

நெல்லைமகள்:
எல்லோரும் எழுதியதைப் படித்தேன். எங்கள் வீட்டில் அவன் அப்பா ஒவ்வொரு தடவையும் "டேய், கண்ணு!" என்பார். சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து அதையே பார்ப்பார். ஸ்கூலில் மிஸ்ஸும் டைரியில் எழுதி அனுப்புகிறார். குறையத்தானே சொல்கிறோம் என்கிறார் அவன் அப்பா.

கழுத்துவெட்டி:
முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான் அக்கா. டிக்கைப் பற்றிப் பேசினாலே டிக் வரும், இதை எழுதும்போதே எனக்குக் கழுத்து இரண்டு முறை வெட்டிவிட்டது. மிஸ்ஸிடம் நேரில் போய், இது கெட்ட பழக்கம் இல்லை, சுட்டிக்காட்ட வேண்டாம், தாங்காதபோது தண்ணீர் குடிக்கிறேன் என்று கேட்டால் வெளியே விடுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அவனிடமும் ஒருமுறை உட்கார்ந்து சொல்லிவிடுங்கள், அவன் மேல் தப்பு இல்லை என்று. தூக்கம், விளையாட்டு இரண்டையும் குறைக்காதீர்கள். என் டிக் பந்து விளையாடும்போது காணாமல் போகும். இன்னொன்றும் சொல்ல வேண்டும், பொதுவாகப் பத்து முதல் பன்னிரண்டு வயதில்தான் இது உச்சத்துக்குப் போகும், அதனால் இன்னும் கூடலாம், கூடினால் பயந்துவிடாதீர்கள். பதின்வயது தாண்டும்போது பலருக்கும் நன்றாகவே குறைகிறது. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்து ஒரே ராத்திரியில் பயங்கரமாக ஏறினால், நினைவு தப்பினால், வெறித்துப் பார்த்தபடி கூப்பிட்டாலும் திரும்பாவிட்டால், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேப்பங்கொழுந்து:
சரி, சூரணம் வைத்தியரைக் கேட்டுத்தான், ஒத்துக்கொள்கிறேன். வல்லாரைத் துவையலை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

சந்தேகப்பிராணி:
துவையலை யார் நிறுத்தச் சொன்னது? டிக்ஸ் போகும் என்று சொல்லி ஊட்டாதீர்கள், அவ்வளவுதான்.

நெல்லைமகள்:
அவரிடம் இந்த இழையைக் காட்டினேன். முழுக்கப் படித்துவிட்டு, "நான் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவேன், ஆனால் எதிரில் அவன் சிமிட்டும்போது நான் எங்கே பார்ப்பது?" என்கிறார்.

கழுத்துவெட்டி:
தட்டைப் பார்த்துச் சாப்பிடச் சொல்லுங்கள் அக்கா.