டிக்கியில் கொட்டிய பெட்ரோல், பத்து நாள் வாசனை

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் ஓய்ந்த மறுநாள். வேளச்சேரிப் பக்கம் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. சின்ன ஜெனரேட்டருக்காக ஐந்து லிட்டர் கேனில் பெட்ரோல் வாங்கி டிக்கியில் வைத்தேன், ஆடாமல் இருக்க அம்மா கொடுத்த பவானி ஜமக்காளத்தை மடித்து அடியில் போட்டேன். தேங்கிய தண்ணீரில் பள்ளம் தெரியவில்லை, ஒரே குலுக்கலில் கேன் சாய்ந்து ஒரு லிட்டராவது கொட்டியிருக்கும்.

முதல் இரண்டு நாள் மேலாகத் துடைத்துவிட்டு ஜெல் வாசனை டப்பா வைத்ததுதான் நான் செய்த தப்பு. எலுமிச்சையும் பெட்ரோலும் கலந்த நெடியில் மகள் பாதி வழியிலேயே வாந்தி எடுத்துவிட்டாள், பாவம். அன்றைக்கே டிக்கி கார்பெட்டை முழுசாகத் தூக்கிப் பார்த்தேன். மேலே காய்ந்திருந்தது, ஆனால் அடியில் இருந்த தடித்த ஃபெல்ட்டை விரலால் அழுத்தினால் ஈரம் கசிகிறது, ஸ்டெப்னி குழியில் மழைத் தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் படலம் மிதக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், பள்ளமான இடத்தில்தான் தங்கும், அதனால் கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டால் போதாது, நாலு கதவையும் டிக்கியையும் திறந்து போட வேண்டும்.

ஃபெல்ட்டைக் கழற்றி மொட்டை மாடியில் மூன்று நாள் போட்டேன். குழியைப் பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டு இரண்டு தடவை கழுவினேன். எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு ஆப்ப சோடாவைத் தாராளமாகத் தூவி ஒரு ராத்திரி விட்டு, காலையில் வாக்குவம் போட்டேன். ஈரம் இருக்கும்போது வாக்குவம் போடவே கூடாது, மோட்டார் பொறி ஒன்று போதும் தீப்பிடிக்க. மிச்ச நெடிக்கு ஒரு தட்டு நிறைய அடுப்புக்கரி, நாலு நாள். காபித்தூளும் வைத்துப் பார்த்தேன், எனக்குப் பலன் இல்லை.

ஜமக்காளத்தை மெஷினில் போட இருந்தேன், அம்மா போனில் தடுத்துவிட்டார். அவர் சொன்னது சரி, பெட்ரோல் நனைந்த துணியை மெஷினிலும் டிரையரிலும் போடுவது ஆபத்து. வெளியே கொடியில் நெடி அடங்கும்வரை காயவிட்டு, பச்சைத் தண்ணீரில் லிக்விட் கலந்து ஊறவைத்து, கையால் துவைத்தேன். மூன்றாவது துவையலில்தான் போனது. சிவப்புக் கோடு கொஞ்சம் மங்கிவிட்டது, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

*

மேலே எழுதியவருக்குக் கொட்டியது பெட்ரோல், எனக்கு நடந்தது டீசலில். பெட்ரோல் பங்கில் சிந்திக் கிடந்ததை மிதித்து அப்படியே காரில் ஏறிவிட்டேன். டீசல் பெட்ரோல் மாதிரி சட்டென்று ஆவியாகாது, எண்ணெயாகப் படிந்துவிடும், வெயிலில் காயப்போட்டால் மட்டும் போகாது. பழைய செய்தித்தாளை வைத்து ஒற்றி எடுத்து, அப்புறம் லிக்விட் போட்டு பிரஷ்ஷால் தேய்த்தேன். மேட் சரியாகிவிட்டது. செருப்பின் அடிப்பாகத்தைக் கழுவ மறந்துவிட்டேன், அதனால் மறுபடியும் முதலிலிருந்து.

*

மேலே எழுதிய இரண்டு பேருக்கும் நன்றி. என் காரில் எதுவுமே கொட்டவில்லை, ஆனாலும் டேங்க்கை நிரப்பினால் மட்டும் பின் சீட்டில் நெடி வரும், கால் டேங்க் குறைந்ததும் நின்றுவிடும். சீட்டைத் தூக்கி அடியிலிருக்கும் மூடியைக் கழற்றிய மெக்கானிக், பெட்ரோல் பம்ப்பைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் விறைத்துப்போய் விரிசல் விட்டிருந்ததைக் காட்டினார். வளையம் மாற்றியதும் நின்றது. கொட்டாமலே வாசனை வந்தால் சோடா வாங்காதீர்கள், வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வீட்டுக்கே வரச்சொல்லுங்கள்.