மறு: ரயில் கணக்கில் வரும் 'ரிலேட்டிவ் ஸ்பீடு' - தமிழில் என்ன சொல்லலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

> சார்பு வேகம் என்று ஏற்கெனவே இருக்கிறதே. புதிதாக ஒன்று எதற்கு?

இயற்பியலில் சார்புத் திசைவேகம் இருந்துவிட்டுப் போகட்டும், அதில் கை வைக்க வேண்டாம். டிஎன்பிஎஸ்சி, ஆர்ஆர்பி போன்ற அரசு வேலைத் தேர்வுகளுக்குப் படிக்கிறவர்கள் போடும் ரயில் கணக்கில், ஒரு வண்டியைப் பொறுத்து மற்ற வண்டியின் வேகத்துக்குத்தான் நான் சொல் கேட்கிறேன். சார்பு என்றதும் அவர்களுக்குப் பத்தாம் வகுப்பின் 'உறவுகளும் சார்புகளும்' பாடம்தான் ஞாபகம் வரும். எப்போது கூட்டுவது, எப்போது கழிப்பது என்றும் அந்தச் சொல் காட்டிக்கொடுப்பதில்லை. எதிர்த்திசை என்றால் கூட்டு, ஒரே திசை என்றால் கழி என்று தனியாக மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வறைப் பதற்றத்தில் அது தலைகீழாகிவிடுகிறது.

என் பரிந்துரை: நெருங்குவேகம். நொடிக்கு இடைவெளி எவ்வளவு குறைகிறது என்பதே அது. மணிக்கு 72 கி.மீ. போகும் வண்டி நொடிக்கு 20 மீட்டர் போகும், 54 கி.மீ. என்றால் 15 மீட்டர். எதிரெதிரே வந்தால் இடைவெளி நொடிக்கு 35 மீட்டர் குறையும். வேகமான வண்டி பின்னாலிருந்து துரத்தினால் 5 மீட்டர்தான்.

> இன்ஜின்கள் சந்தித்த பிறகு விலகத்தானே செய்கின்றன? அங்கே நெருங்குவேகம் எப்படிப் பொருந்தும்?

நல்ல கேள்வி ஐயா. விலகுவது இன்ஜின்கள், வண்டிகளின் கடைசியில் இருக்கும் கார்டு பெட்டிகள் இன்னும் நெருங்கிக்கொண்டுதான் இருக்கின்றன! அவை இரண்டும் நேருக்கு நேர் வரும்போதுதான் வண்டிகள் ஒன்றையொன்று கடந்து முடிகின்றன. ஒரு வண்டி 420 மீட்டர், மற்றது 280 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின்கள் சந்திக்கும் நொடியில் கார்டு பெட்டிகளுக்கு நடுவே 700 மீட்டர். 35ஆல் வகுத்தால் 20 நொடி. நீளங்களை ஏன் கூட்டுகிறோம் என்பதும் இதிலேயே விளங்கிவிடுகிறது. முந்திச் செல்லும் கணக்கில் வேகமான வண்டியின் கார்டு பெட்டி, மெதுவான வண்டியின் இன்ஜினை நெருங்குகிறது. அதே 700 மீட்டர், நொடிக்கு 5 மீட்டர் வீதம் 140 நொடி.

நடைமேடைக் கணக்கும் இதில் அடங்கும். கர்நாடகத்தின் ஹூப்ளி ரயில் நிலையத்தில் உள்ள நீண்ட நடைமேடை 1507 மீட்டர். 493 மீட்டர் வண்டி ஒன்று நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நிற்காமல் கடந்தால், கார்டு பெட்டி மறுமுனைக்கு வர 2000 மீட்டர் ஓட வேண்டும், 100 நொடி. நடைமேடை நகராது, ஆகவே வண்டியின் வேகமே நெருங்குவேகம். (அங்கே நிற்காமல் போகிற வண்டி எது என்று யாரும் கேட்டுவிடாதீர்கள்.)

'அணுகுவேகம்' என்று எழுதிய அம்மாவுக்கு: சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வேகமாகப் படிக்கும் கண் 'அணு'வில் நின்றுவிடும்.

யாழ்ப்பாண நண்பர் சொன்ன சிக்கல்தான் பெரியது. இலங்கைப் பாடநூல்களில் கதி வேறு, வேகம் வேறு. நாம் வேகம் என்பதை அங்கே கதி என்கிறார்கள், நாம் திசைவேகம் என்பதை வேகம் என்கிறார்கள். நம்மூரில் கதி என்றால் 'அதோகதி' என்று சிரிப்பார்கள். இரு வடிவமும் இருக்கட்டும் என்பேன்: இங்கே நெருங்குவேகம், அங்கே நெருங்குகதி. வினைத்தொகை என்பதால் க் மிகாது. நண்பரே, அங்கத்தைய மாணவர் காதுக்கு இது ஒத்துவருமா?