கலிபோர்னியாவில் பெற்ற பெலனி தீர்ப்பு ஏழு ஆண்டுகளில் அழிந்துவிடுமா?

கடலோரவாசி, வெள்ளவத்தை:
எனது அண்ணன் கலிபோர்னியாவில் வேலைசெய்த காலத்தில், 2014இல், திருட்டு வழக்கொன்றில் பெலனி (கடுமையான குற்ற வகை) குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு புரொபேஷனில் (நீதிமன்ற நிபந்தனைகளுக்கு உட்பட்ட கண்காணிப்பில்) விடப்பட்டார். அதே ஆண்டில் மதுபோதையில் வாகனம் ஓட்டிய தீர்ப்பும் உண்டு. இப்போது கொழும்பிலிருந்து கனடாவுக்கு விண்ணப்பிக்கப் போகிறார். ஏழு ஆண்டுகள் கடந்ததால் எல்லாம் தானாகவே அழிந்திருக்கும், குற்றத்தீர்ப்பு உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்றே எழுதலாம் என்று முகவர் வற்புறுத்துகிறார். இது உண்மையா?

சட்டவாசகி, பம்பலப்பிட்டி:
தயவுசெய்து அப்படி எழுத விடாதீர்கள். வேலைக்கு ஆளெடுப்பவர்களுக்குப் பின்னணி அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் நிறுவனங்கள், தண்டனையில் முடியாத கைதுகளை ஏழு ஆண்டுகளுக்குப் பின்னர் பொதுவாகக் குறிப்பிடக் கூடாது என்று 1970ஆம் ஆண்டின் அமெரிக்கக் கடன் அறிக்கைச் சட்டம் சொல்கிறது. முகவர் சொல்லும் ஏழு அங்கிருந்து வந்ததுதான். குற்றத்தீர்ப்புகளுக்கு அச்சட்டத்தில் இன்று கால எல்லை இல்லை. கலிபோர்னியா மாநிலம் தீர்ப்புகளுக்கும் அந்த ஏழாண்டு எல்லையை நீட்டியிருக்கிறது. ஆனாலும் அது அந்த நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்துமே தவிர, நீதிமன்ற வழக்கேட்டையோ எஃப்.பி.ஐ.யிடம் விரலடையாளத்தோடு இருக்கும் பதிவையோ தொடாது. கனடா கேட்கும் அமெரிக்கப் பொலிஸ் சான்றிதழ் அந்த எஃப்.பி.ஐ. அறிக்கையேதான். உண்மையை மறைத்ததாகக் கண்டால் ஐந்து ஆண்டுகள் கனடாவுக்குள் நுழையவே முடியாது. அந்தச் சுமை முகவரின் தலையில் அல்ல, உங்கள் அண்ணனின் தலையில்தான் விழும்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
லொஸ் ஏஞ்சலீஸில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வாகனத் திணைக்களப் பதிவில் சிறிய வீதி மீறல்கள் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளும், மதுபோதையில் ஓட்டியது பத்து ஆண்டுகளும் இருக்கும். அது சாரதிப் பதிவு. நீதிமன்றத் தீர்ப்பு வேறு, அது தன்பாட்டில் நிற்கும்.

புரொபேஷனை ஒழுங்காக முடித்தவர் தண்டனைச் சட்டக்கோவையின் 1203.4ஆம் பிரிவின்கீழ் வழக்கைத் தள்ளுபடி செய்யுமாறு மனுச் செய்யலாம். கிடைத்தாலும் பதிவு மறையாது. "தள்ளுபடி" என்ற குறிப்பு சேரும், அவ்வளவுதான். பெறுமதி அடிப்படையில் பெலனியான திருட்டாக இருந்தால், 17ஆம் பிரிவின்கீழ் அதனைச் சிறு குற்றமாகக் குறைக்கக் கேட்பதற்கும் வழியுண்டு. இதையும் கட்டாயம் விசாரியுங்கள்.

கடலோரவாசி:
மிக்க நன்றி. இங்குள்ள பொலிஸ் தலைமையகம் வழங்கும் சான்றிதழில் எதுவும் இல்லையென்று வந்தால் போதாதா?

சட்டவாசகி, பம்பலப்பிட்டி:
போதாது. அது இலங்கையில் உள்ள பதிவுகளுக்கான சான்றிதழ். கலிபோர்னியாத் தீர்ப்பைப் பற்றி அது எதையும் நிரூபிக்காது.

முதலில், வழக்கு நடந்த கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றத்தின் எழுதுநரிடமிருந்து சான்றுறுதிப்படுத்திய தீர்ப்புப் பிரதிகளைப் பெறுங்கள். குற்றப் பிரிவு, திருடப்பட்ட பொருளின் பெறுமதி, புரொபேஷன் முடிந்த திகதி ஆகிய மூன்றும் அவற்றில் தெளிவாகத் தெரிய வேண்டும். கனடாச் சட்டத்தில் 5,000 டொலருக்கு மேற்பட்ட திருட்டு ஒரு வகை, அதற்குக் குறைந்தது வேறு வகை. மதுபோதையில் ஓட்டுவது 2018 டிசம்பர் 18 முதல் பாரதூரமான குற்றமாகக் கொள்ளப்படுகிறது. அண்ணனின் சம்பவம் அதற்கு முந்தியதால் திகதி அவருக்குச் சாதகமாக அமையக்கூடும். தண்டனை முழுதும் முடிந்து, புரொபேஷனும் சேர்த்துத்தான், ஐந்து ஆண்டுகள் கடந்தவர் புனர்வாழ்வுக்கு, அதாவது பழைய குற்றம் கனடாவுக்குள் நுழையத் தடையாகாது என்ற அங்கீகாரத்துக்கு, விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பத்தை அனுப்பும் முன்னர் கனடாவில் பதிவுபெற்ற குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் இந்தப் பிரதிகளைக் காட்டுங்கள்.