பச்சை குத்தி 16 நாள் ஆச்சு, சிவப்பு மை போட்ட இடம் மட்டும் தடிச்சே இருக்கு

எங்க அப்பத்தா கையில் பச்சை குத்தியிருந்த கோலத்தை, அவர் போன பிறகு பழைய போட்டோவைப் பார்த்து அப்படியே என் இடது முன்கையில் மெஷினில் போட்டுக்கொண்டேன். மதுரையில்தான் போட்டேன், இன்றோடு 16 நாள். நான்கு விரல் அகலம் இருக்கும், கறுப்புக் கோடுகள், நடுவில் நான் ஆசைப்பட்டு வைத்த ஐந்து சிவப்புப் புள்ளிகள்.

கறுப்பு முழுக்க பத்தாம் நாளே பொருக்கு உதிர்ந்து ஆறிவிட்டது. சிவப்புப் புள்ளிகள் மட்டும் தடிப்பாக, தொட்டால் மேடு தெரிகிற மாதிரி இருக்கின்றன, ராத்திரியில் தூங்க விடாமல் அரிக்கிறது. சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை, சிவப்பு சுற்றிப் பரவவும் இல்லை.

தினமும் இரண்டு வேளை வாசனையில்லாத சோப்பில் கழுவி, ஒற்றி எடுத்து, மாய்ஸ்சரைசர் லேசாகப் பூசுகிறேன். முதல் வாரம் அம்மா சொன்னாரென்று தேங்காய் எண்ணெய் போட்டேன், அப்புறம் நிறுத்திவிட்டேன். மஞ்சள் வைக்கவில்லை. கிணற்றுக் குளியலும் இல்லை. அரிப்புக்கு அலர்ஜி மாத்திரை மூன்று நாள் போட்டேன், போட்ட அன்றைக்கு மட்டும் அடங்கும். திருமங்கலத்திலிருந்து மாட்டுத்தாவணி வரை தினமும் வண்டியில் போய் வருகிறேன், முழுக்கைச் சட்டைதான், ஆனால் வியர்வை ஊறத்தான் செய்கிறது. குத்தியவரிடம் கேட்டால் ஒரு மாதம் பொறுங்கள் என்கிறார், எனக்கு மனசு ஒப்பவில்லை. சிவப்பு மை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது தெரியும்.

இப்படி சிவப்பு மட்டும் தடித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், தானாக அமுங்கியதா, இல்லை தோல் டாக்டரிடம் காட்டித்தான் சரியானதா?