சர்வர் என் கீயை ஏத்துக்க மாட்டேங்குது, வழி சொல்லுங்க

மதுரை கீழமாசி வீதியில ஒரு மளிகை மொத்தக் கடையோட பில்லிங் சர்வரைப் பார்த்துக்கிறேன். சர்வர் இருக்கிறது மும்பையில, உபுண்டு 22.04. நேத்துலேர்ந்து எஸ்எஸ்ஹெச்ல (தூரத்துலேர்ந்து சர்வருக்குள்ள போற வழி) கீ வச்சு, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலா இருக்கிற சாவி ஃபைலை வச்சு, உள்ள போக முடியல. பாஸ்வேர்டு லாகின் முன்னாடியே அடைச்சாச்சு. கடை லேப்டாப்ல திறந்து கிடக்கிற ஒரே டெர்மினல்தான் இப்போ உயிர். 'மூடாதே'ன்னு பேப்பர் ஒட்டி வச்சிருக்கேன்.

என்ன நடக்குதுன்னு விவரமாக் காட்டச் சொல்லி எஸ்எஸ்ஹெச் கமாண்டுல மூணு 'வி' போட்டுப் பார்த்தா, கீயை நீட்டுது, சர்வர் வாங்கல. காரணத்தை இந்தப் பக்கம் சொல்லவே சொல்லாது. சர்வர்ல லாகின் பதிவாகுற ஆத் லாக்லதான் விஷயம் இருந்துச்சு: ஹோம் டைரக்டரியோட (யூசரோட சொந்த ஃபோல்டர்) பெர்மிஷன் சரியில்லையாம். அதுக்குள்ள இருக்கிற டாட் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டர் 700, எந்தெந்தக் கீயை உள்ள விடலாம்னு பட்டியல் இருக்கிற ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைல் 600, ரெண்டும் யூசர் மட்டும் தொடுற மாதிரி சரியா இருக்கு. ஆனா ஹோம் 775! பில்லிங் சாஃப்ட்வேர்காரங்க பேக்கப் ஸ்கிரிப்ட்டுக்காக குரூப்புக்கு எழுதுற உரிமை குடுத்திருக்காங்க. ஃபோன் போட்டா எடுக்கிறதில்ல.

குரூப்போட எழுதுற உரிமையை எடுத்து 755 ஆக்கினா பேக்கப் நின்னுரும். இந்தப் பெர்மிஷன் செக்கையே நிறுத்துற மாதிரி 'ஸ்ட்ரிக்ட் மோட்ஸ்'ஐ 'நோ' ஆக்குன்னு ஒருத்தர் சொன்னாரு, மனசு வரல. அந்த குரூப்ல இருக்கிற யாரும் டாட் எஸ்எஸ்ஹெச்சையே நகர்த்திட்டு வேற கீயை வச்சிரலாம்ல?

ஆத்தரைஸ்டு கீஸை ஈடிசிக்குள்ள (சிஸ்டம் செட்டிங்ஸ் ஃபோல்டர்) ரூட், அதாவது அட்மின் பேர்ல வச்சு, எஸ்எஸ்ஹெச் சர்வர் கான்ஃபிக்ல பாதையை மாத்தினா ஹோமைச் செக் பண்ணாதுன்னு நினைக்கிறேன். யாராவது செஞ்சிருக்கீங்களா? அந்த ஃபைல் எல்லாரும் படிக்கிற மாதிரி 644 இருந்தாத்தான் அந்த யூசரால படிக்க முடியுமா? கான்ஃபிக்கை மாத்திட்டு எஸ்எஸ்ஹெச் சர்வரை ரீலோடு பண்ணினா ஓடுற செஷன் அறுந்திராது, அது தெரியும். கரண்ட் போய் நெட் மோடம் அணைஞ்சாத்தான் பயம். சீக்கிரம் சொல்லுங்கண்ணே, புண்ணியமாப் போகும்.