இறந்த அக்காவை இரு தங்கைகள் சொன்னால் எத்தனை மரணம்? தாய்மரணத் தரவு பற்றிய விவாதம்

நல்லூர் மாணவி: கர்ப்பத்தாலும் பேற்றாலும் நேரும் தாய்மரணங்களை, உயிருடன் இருக்கும் பெண்களிடம் அவர்களின் சகோதரிகளைப் பற்றிக் கேட்டு மதிப்பிடும் முறைக்காக, நேபாளத்தின் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின் தரவைத் தயார்செய்து வருகிறேன். பதிலளித்த பெண்ணுக்கு ஒரு நிரை; அவருடைய தாய் பெற்ற ஏனைய பிள்ளைகள் எல்லோரும் நிரல்களாக இருக்கிறார்கள். ஆளுக்கொரு நிரையாக மாற்றி அடுக்கியபோது, ஒரே வீட்டில் இரு தங்கைகள் பேட்டி கொடுத்திருந்தால் இறந்த அதே அக்காவை இருவருமே சொல்லியிருப்பதைக் காண்கிறேன். ஒரு மரணத்தை இரண்டாக எண்ணுவது தவறு; பிறந்த மாதமும் இறந்த மாதமும் ஒத்துப்போகும் நிரைகளில் ஒன்றை நீக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

வடமராட்சியான்: தங்கச்சி, நீக்கவே கூடாது. மூன்று சகோதரிகள் கொண்ட எட்டுக் குடும்பங்களை எடுங்கள். ஒவ்வொருவரும் இறக்கும் வாய்ப்பு அரைவாசி எனக் கொள்வோம். ஒரு குடும்பத்தில் மூவரும் உயிருடன் இருப்பர், மூன்று குடும்பங்களில் ஒருத்தியும் வேறு மூன்று குடும்பங்களில் இருவரும் இறந்திருப்பர், எஞ்சிய ஒன்றில் பேட்டி கொடுக்க யாருமே இருக்கமாட்டார்கள். உயிருடன் இருப்பவர்கள் தங்களை விட்டுவிட்டு மற்றவர்களைப் பற்றிச் சொல்வதைக் கூட்டினால், 24 பதிவுகளில் 12 மரணம், அதாவது சரியான அரைவாசி. நீங்கள் சொல்வதுபோல் இரட்டித்த மரணங்களை மட்டும் நீக்கினால் 21 பதிவுகளில் 9 மரணமே மிஞ்சும். பேசுவதற்கு ஆளில்லாத குடும்பத்தின் இழப்பை ஈடுசெய்வது நீங்கள் அழிக்க நினைக்கும் அந்த இரட்டிப்புத்தான். பதிலளித்தவரையும் கணக்கில் சேர்க்காதீர்கள். உயிருடன் இருப்பதால்தான் அவர் பேட்டிக்கே வந்தார்.

கோண்டாவில் வாசகர்: ஐயாவின் கணக்கு சரி, ஆனால் அது சகோதரிகளின் மரணங்கள் ஒன்றையொன்று சாராதவை என்ற எடுகோளின் மேல் நிற்கிறது. 2009இல் வன்னியில் குடும்பம் குடும்பமாக இறந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அங்கே இந்த முறையைப் பயன்படுத்தினால், முற்றாக அழிந்த குடும்பங்களை எந்த இரட்டிப்பும் மீட்டுத் தராது. ஆகவே மாணவியின் ஐயத்தை நான் தள்ளிவிடமாட்டேன்.

வடமராட்சியான்: அந்த இடத்தில் முறை தோற்கும் என்பதை ஏற்கிறேன், ஆனால் அங்கும் நிரைகளை நீக்கினால் மதிப்பீடு இன்னும் கீழேதான் போகும். ஒரே அக்காவைப் பலர் சொல்வதால் பதிவுகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றன என்பது மெய். அதற்கு மாதிரிக் கொத்துகளின் (ஆய்வுக்கு ஒன்றாகத் தெரிந்தெடுத்த அயல் வீடுகளின் தொகுதிகளின்) அடிப்படையில் மதிப்பீட்டின் வழுவைக் கணியுங்கள், தரவை வெட்டாதீர்கள்.

நல்லூர் மாணவி: நீக்குவதை நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் கர்ப்பகாலத்தில் விபத்தில் இறந்த அக்காவையும் தாய்மரணம் என்று எழுதச் சொன்னால் உடன்படமாட்டேன்.

வடமராட்சியான்: அதில் நீங்கள் சொல்வதே சரி. அதே நேபாள ஆய்வு, கர்ப்பம் சார்ந்த எல்லா மரணங்களையும் சேர்த்து ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 259 என்றும், விபத்தையும் வன்முறையையும் விலக்கிப் பேற்றுக்குப் பின் 42 நாட்களோடு நிறுத்தினால் 239 என்றும் தருகிறது. பழைய ஆய்வுகளில் விபத்து, வன்முறை பற்றிய கேள்விகளே இல்லாததால், அவற்றோடு ஒப்பிடும்போது முதலாவதை எடுங்கள். இன்னொன்று: அந்தக் கோப்பில் மாதங்கள் நேபாள நாட்காட்டியில் உள்ளன. எங்கள் ஆண்டுக்கு மாற்ற வேண்டியதில்லை. பேட்டி எடுத்த மாதத்தையும் அதே கோப்பிலிருந்து எடுத்து, அதற்கு முந்திய 84 மாதங்களுக்குள் ஒவ்வொரு சகோதரியும் 15 முதல் 49 வயது வரை வாழ்ந்த மாதங்களை எண்ணுங்கள். இறந்தவளுக்கு அந்த எண்ணிக்கை இறந்த மாதத்தோடு நிற்க வேண்டும்.