விழித்திரை நோய்க்கான மரபணுப் பரிசோதனை: வழி அறிந்தோர் உதவவும்

திருகோணமலை உப்புவெளியில் வசிக்கும் என் தமக்கையின் மகனுக்கு (வயது 11) ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் பரம்பரை விழித்திரை நோய் இருப்பதாகக் கடந்த ஆண்டு கண் வைத்திய நிபுணர் உறுதிப்படுத்தினார். சிறு வயதிலிருந்தே மங்கிய வெளிச்சத்தில் தடுமாறுவான். இப்போது பக்கப் பார்வையும் குறுகி வருகிறது. பெற்றோர் சொந்த மச்சான் மச்சாள்; இருவருக்கும் பார்வைக் குறை இல்லை.

முதலில் வெறும் மாலைக்கண் என்று எண்ணி விற்றமின் ஏ கொடுத்தோம், பயனில்லை. கண்ணாடியும் மாற்றிப் பார்த்தோம். கொழும்பில் செய்த ஈ.ஆர்.ஜி. (ஒளிக்கு விழித்திரை காட்டும் மின் துலங்கலை அளப்பது), ஓ.சி.ரி. (விழித்திரையின் அடுக்குகளைப் படம் பிடிப்பது) பரிசோதனை அறிக்கைகள் கைவசம் உள்ளன. (துளி மருந்து எதையும் பரிந்துரைக்க வேண்டாம்; அதையும் பார்த்தாயிற்று.)

2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லக்ஸ்டர்னா மரபணுச் சிகிச்சை, ஆர்.பி.ஈ.65 மரபணுவின் இரு பிரதிகளும் பழுதடைந்து, விழித்திரையில் உயிருள்ள கலங்கள் போதிய அளவு எஞ்சியிருப்போருக்கு மட்டுமே உரியது. இந்நோயை உண்டாக்கும் மரபணுக்களோ பல டசின். அவனுக்கு எது பழுது என்று தெரியாமல் இத்தகைய சிகிச்சை ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் அவனைச் சேர்க்க இயலாது. இங்கு விசாரித்த ஆய்வுகூடங்கள் கைவிரித்துவிட்டன.

இலங்கையிலிருந்து குருதி மாதிரி அனுப்பி, பரம்பரை விழித்திரை நோய்களுக்கான மரபணுப் பரிசோதனையைச் செய்வித்தவர்கள் இருந்தால், அதை எந்த ஆய்வுகூடத்தில், எவ்வளவு செலவில் செய்தீர்கள்?